எண்ணத் தெரிந்த காட்டுத் தலைவன்

பெருங்கதைகளைப் படிக்கும்போது நம் கண்கள் மன்னர்மீதும் மாவீரர்மீதுமே தங்குகின்றன. இரண்டொரு பக்கங்களில் தோன்றி மறைந்துவிடும் சிறு பாத்திரத்தை நாம் நினைவில் வைப்பதில்லை. ஆயினும் அத்தகைய ஒருவனே பல மாதங்களாக என் நெஞ்சை விட்டு அகலாமல் இருக்கிறான். அவனைப் பற்றிச் சங்க அன்பர்களோடு சில சொற்கள் பேச விரும்புகிறேன்.

ஆக்ஸ்போர்டுப் பேராசிரியராயிருந்த டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் கதை 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. எங்கள் ரயில்வே இன்ஸ்டிட்யூட் நூலகத்தில் அம்மூன்றும் இருக்கின்றன. பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக் குமாஸ்தா வேலைக்கு வந்தவன் நான். ஆகவே அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரவுப் பணி இல்லாத நாட்களில் சிறுகச் சிறுகப் படித்தேன். உலகில் எங்கும் இல்லாத நாடுகளும், எக்காலத்தும் வாழாத மக்களும் நிறைந்த கற்பனைக் கதை அது. அதன் மூன்றாம் பாகத்தில்தான் கான்-புரி-கான் வருகிறான்.

கோண்டோர் நாட்டின் தலைநகரைப் பகைவர் முற்றுகையிட்டிருக்கின்றனர். அதற்குத் துணையாக ரோஹான் மன்னர் தியோடன் குதிரைப்படையுடன் விரைந்து வருகிறார். வழியிலோ பெரும்பகை காத்திருக்கிறது. இருள் சூழ்ந்த ஒரு காட்டில் படை தங்கியிருக்கும்போது, அக்காட்டுக் குடிகளின் தலைவன் மன்னர் முன் வந்து உட்காருகிறான். குட்டையான கால்கள், பழங்கல்லைப் போன்ற முறுக்கேறிய உடல், இடுப்பில் புல்லாடை. படையினரின் பொதுமொழி அவனுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. தாங்கள் போரிடமாட்டோம் என்றும், ஆனால் செய்தியும் வழியும் தருவோம் என்றும் சொல்கிறான். பாதையில் இருக்கும் பகைவர் குதிரை வீரரைவிட அதிகம் என்கிறான்.

உடனே இளந்தளபதி இயோமர் கேட்கிறான்: அஃது உனக்கு எப்படித் தெரியும்?

கிழவனின் முகத்தில் மாற்றமில்லை. குரலில் மட்டும் மனக்கசப்புத் தெரிகிறது. தாங்கள் காட்டு மனிதர்களேயன்றிக் குழந்தைகள் அல்லர் என்கிறான். விண்மீன்களையும் இலைகளையும் இருளில் நிற்கும் ஆட்களையும் எண்ணத் தெரிந்தவன் தான் என்கிறான். பிறகு மன்னரின் படைக்கணக்கை அவர் முன்னிலையிலேயே தன் முறையில் சொல்கிறான்: இருபது இருபதுகள், அவை பத்தும் ஐந்தும் மடங்கு.

இவ்விடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுப் பென்சிலை எடுத்தேன். இருபது இருபதுகள் 400. அதனைப் பதினைந்தால் பெருக்கினால் 6,000. தம்முடன் ஆறாயிரவர் வருவர் என்று தியோடன் முன்பே சொல்லியிருக்கிறார். கிழவனின் கணக்கு அதனோடு இசைந்தது. நாள்தோறும் கூட்டல் கழித்தலில் வாழும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னவென்று சொல்வேன்!

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. நான் பணிபுரிவது சோட்டா நாகபுரிப் பகுதியில் ஒரு சிறு ஸ்டேஷனில். இங்கே இருப்புப்பாதையைக் காப்பவர்களில் பலர் ஆதிவாசிகள். தினந்தோறும் தம் எல்லை முழுவதும் நடந்து, சாவிகளையும் போல்ட்டுகளையும் சரிபார்க்கும் கீமேன் ஒருவர், ஒரு மழைக்கால மாலையில் வந்து, மண்கரை தாங்காது என்று நான்கு இந்திச் சொற்களில் சொன்னார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் ஓர் அதிகாரி. அவர் பதில் பேசவில்லை. அதிகாரியை அழைத்துச் சென்று, கரையடியில் கசிந்த நீரைக் கையில் ஏந்திக் காட்டினார். அது கலங்கலாக இருந்தது. தெளிந்த நீர் கசிந்தால் அச்சம் குறைவு. கலங்கல் நீர் கரையின் மண்ணையே கரைத்துக்கொண்டு வருகிறது. வண்டிகள் உடனே நிறுத்தப்பட்டன. விடிவதற்குள் கரையின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

மொழி தடுமாறுகிறது என்பதற்காக அறிவும் தடுமாறுவதில்லை. இதனை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? 'காடி' பெண்பால் என்பதறியாமல் 'ஆதா ஹை' என்று சொல்லிவிட்டு, கடைத்தெருவில் சிரிப்புக்கு ஆளாகாத தமிழ்க் குடும்பம் இவ்வூர்களில் உண்டா?

கதைக்கு வருவோம். கான்-புரி-கான் அறிந்த வழி ஒரு பழைய பாதை. முற்காலத்தில் நகர் கட்டுவோர் மலையை வெட்டிக் கல்லேற்றிச் சென்ற வண்டிப்பாதை அது. அவ்வளவு கல்லைக் கண்டு, இவர்கள் கல்லைத்தான் தின்கிறார்கள் போலும் என்று காட்டுமக்கள் எண்ணினராம்! கட்டியவர் மறந்த பாதையைக் காட்டினர் மறக்கவில்லை. வழி தவறினால் தன்னைக் கொல்லலாம் என்று கூறி அவனே மன்னருடன் நடக்கிறான். படை பகைவர் கண்ணில் படாமல் நகரை நெருங்குகிறது.

பெரும்பரிசு தருவதாக மன்னர் வாக்களித்தபோது அவன் பொன் கேட்கவில்லை. இருள் நீங்கிய பின் நீங்கள் உயிரோடிருந்தால், எங்களைக் காட்டில் வாழவிடுங்கள். இனியும் விலங்குகளைப் போல் வேட்டையாடாதீர்கள் என்பதே அவன் வேண்டுகோள். உதவி பெற வந்த நல்லோரின் இனத்தாரே அதுவரை அவர்களை வேட்டையாடினர் என்பதை ஆசிரியர் இந்த ஒரு வாக்கியத்தில் உணர்த்திவிடுகிறார். கடமை முடிந்ததும் நெற்றியால் மண்ணைத் தொட்டு விடைபெறுகிறான். அதன்பின் ரோஹான் வீரர் எவரும் அவனைக் கண்டதில்லை.

போர் முடிந்து புதிய மன்னர் அவ்வழியே வருகையில், அக்காடு கான்-புரி-கானுக்கும் அவன் மக்களுக்கும் என்றென்றைக்கும் உரியது என்றும், அவர்கள் இசைவின்றி எவரும் நுழையலாகாது என்றும் முரசறைவிக்கிறார். காட்டுக்குள்ளிருந்து பறையொலி எழுந்து அடங்குகிறது. ஆள் ஒருவரும் தென்படவில்லை. நல்ல முடிவுதான். ஆயினும் எனக்கு ஒரு குறை உண்டு. கல்வீடுகள் எழுமுன்பே அங்கு வாழ்ந்தவர்களுக்கு அக்காட்டை வேறொருவர் 'கொடுப்பது' எங்ஙனம்? நம் நாட்டில் 2006 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டம் தன் பெயரிலேயே 'அங்கீகரித்தல்' என்ற சொல்லைக் கொண்டுள்ளது. உள்ளதை உள்ளதென ஒப்புக்கொள்ளும் அச்சொல்லே பொருத்தமானது.

2003 இல் வந்த திரைப்படத்தில் கான்-புரி-கானுக்கு இடமே தரப்படவில்லை. கதை அவனின்றியும் நகர்கிறது என்பார்கள். நகரலாம்; ஆனால் அந்தக் கணக்கும், அந்தச் சினமும், பரிசு வேண்டாத அந்த வேண்டுகோளும் போய்விடுகின்றன.

நம் பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். புத்தகத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள். வீட்டு வாசலுக்கு விறகோ தேனோ கொண்டுவரும் ஆதிவாசி மூதாட்டியின் பேச்சைக் கேட்டு அவர்கள் சிரித்தால், அவரிடம் ஒரு கணக்குக் கேட்கச் சொல்லுங்கள். விடை அவரிடம் முன்பே இருக்கும்.