ஆகஸ்டில் வந்து மே மாதத்தில் போகிறவர்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பணி தேடுகிறவர்களுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அநேகமாக இருப்பதில்லை. வேலை எங்கே கிடைக்கிறதோ அதுவே ஊர். விருதுநகரில் பிறந்து, அட்லாண்டாவில் பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒரு பெண்ணுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு முதுமுனைவர் ஆய்வுப் பணி கிடைத்தது. அவருடைய கணவர் அட்லாண்டாவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர்; உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவர். ஐந்து வயதில் ஒரு மகள். ஆகஸ்டு மாதத்தில், ஆன் ஆர்பர் நகரமே சோபாக்களையும் மெத்தைகளையும் தெருவோரத்தில் போட்டுவிட்டு வீடு மாறிக்கொண்டிருந்த வாரத்தில், இவர்களும் போய் இறங்கினார்கள்.

கிளம்புவதற்கு முன் நண்பர்கள் எல்லோரும் ஒரே ஆறுதலைச் சொல்லியிருந்தார்கள்: அது பல்கலைக்கழக நகரம், கவலை வேண்டாம். அந்த ஆறுதல் பொய்யில்லை. மத்திய மேற்கு மாநிலங்களில் கலப்பினக் குடும்பம் ஒன்று கைகோத்து நடக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்காத ஊர்களுள் ஆன் ஆர்பரும் ஒன்று. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 1,23,851 பேர். ஆறு பேரில் ஒருவர் ஆசிய வம்சாவளியினர். கறுப்பினத்தவர் ஏறத்தாழ 7 விழுக்காடு. முற்றங்களில் எல்லோரையும் வரவேற்கும் வாசகப் பலகைகள். அண்டை வீட்டார் முதல் வாரத்திலேயே வீட்டில் சுட்ட ரொட்டியோடு வந்து பெயர்களைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டு போனார்கள்.

கணக்கெடுப்பு எண்ணிக்கையைச் சொல்கிறது. எந்த வயதினர், எத்தனை ஆண்டுகள் அங்கே தங்குகிறவர்கள் என்பது அந்த ஒற்றை விழுக்காட்டில் தெரிவதில்லை. தந்தை இதைக் கவனிக்க இரண்டு மாதங்கள் ஆயின. தெருவில், பேருந்தில், நூலகத்தில் கண்ணில் பட்ட கறுப்பின முகங்களில் பெரும்பாலானவை பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குட்பட்டவை. ஆகஸ்டில் வந்து மே மாதத்தில் போகிறவர்கள். அட்லாண்டாவில் 1974 முதல் கறுப்பினத்தவர் அல்லாத மேயர் ஒருவர்கூட வந்ததில்லை. மகளின் பல் மருத்துவர், வங்கி மேலாளர், பூங்காவில் செடிகளுக்கு நீர் ஊற்றும் முதியவர், தேவாலய வாசலில் அதட்டும் பாட்டி என எல்லா வயதிலும் எல்லா நிலையிலும் அவளுடைய தந்தையைப் போன்றவர்கள் அங்கே இருந்தார்கள். ஒரு குழந்தை தான் முதுமையில் எப்படி இருப்போம் என்பதைச் சுற்றியிருக்கும் முதியவர்களைப் பார்த்துத்தான் அறிகிறது. பன்மைத்துவம் என்று பல்கலைக்கழகங்கள் பெருமையோடு சொல்வது பல வேளைகளில் ஓடும் நீர். ஆழம் வேறு விஷயம்.

ஆழம் ஒருகாலத்தில் ஆன் ஆர்பரிலும் இருந்தது. இன்று கெர்ரிடவுன் எனப்படும் விலையுயர்ந்த கடைவீதியை ஒட்டிய பகுதியில்தான் நகரத்தின் கறுப்பினக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. அங்கிருந்த ஜோன்ஸ் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினக் குழந்தைகள் என்ற காரணத்தால், இனச் சமநிலையை முன்னிட்டு 1965இல் பள்ளி மூடப்பட்டது. குழந்தைகள் பேருந்துகளில் வேறு பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். நோக்கம் நல்லது என்றே அன்று எண்ணப்பட்டது. பின்னர் வாடகை ஏறியது, குடும்பங்கள் கலைந்தன. கட்டடம் இன்றும் வேறொரு பள்ளியாக நிற்கிறது. ஒருங்கிணைப்பின் சுமை எந்தப் பக்கத்துக் குழந்தைகளின் தோளில் ஏற்றப்பட்டது என்பதைப் பேருந்து சென்ற திசையே சொல்லிவிடும்.

இந்தக் குடும்பத்தை எந்தப் பெட்டியில் அடைப்பது என்பதில் அமெரிக்க அரசுக்கே நீண்ட குழப்பம் உண்டு. 1970 கணக்கெடுப்பில் இந்தியர்கள் வெள்ளையர்களாக எண்ணப்பட்டார்கள். 1980இல் ‘ஆசிய இந்தியர்’ என்ற தனிப் பெட்டி வந்தது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம் என்பது 2000இல்தான். மிச்சிகன் மாநிலம் கலப்புத் திருமணத் தடையை 1883இலேயே நீக்கிவிட்டது. இவர்கள் மணந்துகொண்ட ஜார்ஜியாவிலோ 1967ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை தடை நீடித்தது. அங்கே ஒரு வேடிக்கை. ஜார்ஜியாவின் 1927ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையர் அல்லாதோரை வரையறுக்கும்போது ஆப்பிரிக்க இரத்தத்தோடு ‘ஆசிய இந்திய’ இரத்தத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. அதாவது, அந்தக் கொடிய சட்டத்தின் கண்ணில் இந்தக் கணவனும் மனைவியும் ஒரே பக்கத்தில் நின்றவர்கள்.

சட்டம் கண்ட ஒற்றுமையை உறவினர்கள் காண நான்கு ஆண்டுகள் பிடித்தன. விருதுநகர்ப் பாட்டி இப்போது தொலைபேசியில் ‘மாப்பிள்ளை சாப்பிட்டாரா?’ என்று கேட்கிறார். அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சிக்கல் வந்தது பள்ளியிலிருந்து, அதுவும் மொழியின் வழியாக. நவம்பரில் வகுப்பாசிரியரிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. குழந்தை கெட்டிக்காரி, ஆனால் அவளுடைய வினைச்சொற்கள் குழம்பியிருக்கின்றன. வீட்டில் வேற்றுமொழி பேசுவது காரணமாக இருக்கலாம். பேச்சுக் குறைபாட்டுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சிறிது காலம் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசிப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக ஆசிரியர் குறித்திருந்த வாக்கியம் இது: ‘டாடி பி குக்கிங் ஆன் சண்டேஸ்.’

மொழியியல் படித்தவர்களுக்கு இந்த வாக்கியத்தில் குழப்பம் எதுவும் தெரியாது. ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலத்தில் இந்த ‘பி’ வழக்கத்தைக் குறிக்கும் வினைக்கூறு. இப்போது சமைத்துக்கொண்டிருக்கிறார் என்பது பொருளல்ல; ஞாயிறுதோறும் சமைப்பது அவர் வழக்கம் என்பது பொருள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் ஜாக்சன் நடத்திய ஆய்வு ஒன்று புகழ்பெற்றது. குக்கீ மான்ஸ்டர் உடல்நலமின்றிப் படுத்திருக்கிறது. எல்மோ பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது. படத்தைக் காட்டி, ‘பி ஈட்டிங்’ என்ற அமைப்பில் யார் என்று கேட்டபோது, அந்த ஆங்கிலத்தில் வளர்ந்த குழந்தைகள் படுத்திருக்கும் குக்கீ மான்ஸ்டரைக் காட்டினார்கள். வழக்கமாகத் தின்கிறவர் அவர்தானே. பொது ஆங்கிலம் மட்டும் அறிந்த குழந்தைகள் எல்மோவைக் காட்டினார்கள்.

தாய் மொழியியலாளர் அல்லர். குறிப்பைப் படித்தபோது முதலில் அவருக்கு ஏற்பட்டது குற்ற உணர்வுதான். தம் தமிழ் மகளைக் குழப்பிவிட்டதோ என்ற அச்சம். அன்றிரவு மகளிடம் அதையே தமிழில் கேட்டார். அவள் தயங்காமல், ‘டாடி ஞாயித்துக்கிழமை சமைப்பாரு’ என்றாள். சமைப்பார். இலக்கணப் புத்தகம் எதிர்காலம் என்று பெயரிட்டிருக்கும் வினைமுற்று. இங்கே எதிர்காலம் எதுவும் இல்லை, வழக்கம்தான் இருக்கிறது. தாய்மொழியிலும் தந்தைமொழியிலும் ஒரு குழந்தை ஒரே நுண்மையைப் பிடித்து, இரண்டிலும் பிழையின்றிச் சொல்லியிருக்கிறாள். பள்ளி கண்டது வினைச்சொல் குழப்பம்.

வருத்தம் என்னவென்றால், உலகில் எந்த ஊருக்கும் இது தெரியாமல் போயிருக்கலாம், ஆன் ஆர்பருக்குத் தெரியாமல் போயிருக்கக் கூடாது. 1977இல் அந்நகரின் கிரீன் ரோடு குறைந்த வருமானக் குடியிருப்பைச் சேர்ந்த கறுப்பினத் தாய்மார்கள் தங்கள் குழந்தைகளுக்காக வழக்குத் தொடர்ந்தார்கள். பேராசிரியர்களின் பிள்ளைகள் நிறைந்த மார்ட்டின் லூதர் கிங் தொடக்கப் பள்ளியில் தங்கள் பிள்ளைகள் கற்றல் குறைபாடு உடையவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டதே காரணம். ஜெனீவா ஸ்மிதர்மன் வழக்கின் முதன்மை நிபுணர். வில்லியம் லபோவும் சாட்சியம் அளித்தார். 1979 ஜூலை 12இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். குழந்தைகளின் மொழியன்று தடை; அந்த மொழியைப் பற்றி ஆசிரியர்கள் தம்மையறியாமல் கொண்டிருக்கும் மனப்பான்மையே தடையாகிறது என்பது தீர்ப்பின் சாரம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரத் திட்டம் வகுக்குமாறு கல்வி வாரியத்துக்கு 30 நாள் அவகாசம் தரப்பட்டது. உலகெங்கும் சமூக மொழியியல் வகுப்புகளில் இந்த வழக்கு பாடமாக இருக்கிறது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1983இல், வட்டார, சமூகக் கிளைமொழி எதுவும் பேச்சுக் குறைபாடு ஆகாது என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கமும் அறிவித்தது. பல்கலைக்கழகம் உற்பத்தி செய்யும் அறிவு இரண்டு மைல் தொலைவிலுள்ள தொடக்கப் பள்ளிக்கு வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதும் ஆய்வுக்குரிய தலைப்புதான்.

தாய் தீர்ப்பை அச்செடுத்து வைத்துக்கொண்டார். தந்தை அதை எடுத்துச் செல்ல வேண்டாம் என்றார். கோப்போடு வரும் கறுப்பின ஆண் பள்ளி அலுவலகங்களில் எப்படிப் பார்க்கப்படுவார் என்பதை ஆசிரியராக மேசையின் மறுபக்கம் இருந்து பார்த்தவர் அவர். இருவருக்கும் இடையே அன்று நடந்த வாக்குவாதம் சிறியதன்று. உரிமை கையில் இருக்கும்போது எதற்காகக் கெஞ்ச வேண்டும் என்பது அவருடைய கேள்வி. மகள் அந்த வகுப்பில் இன்னும் ஏழு மாதங்கள் உட்கார வேண்டும் என்பது இவருடைய பதில். கடைசியில் தீர்ப்பு பையிலேயே இருந்தது. ஆசிரியர் கெட்டவரல்லர், பொறுமையாகக் கேட்டார், குறிப்பெடுத்தார், பரிசோதனை தேவையில்லை என ஒப்புக்கொண்டார். வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்ற ஆலோசனையை அவர் திரும்பப் பெறவும் இல்லை, மறுபடி சொல்லவும் இல்லை.

தமிழர்களிடமாவது இந்தக் குடும்பம் இளைப்பாறியிருக்கலாம். டெட்ராய்ட் புறநகர்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். வார இறுதித் தமிழ் வகுப்புகளும் உண்டு. அப்படி ஒரு வகுப்பில் முதல் நாளே ஒரு பெற்றோர், குழந்தை காதுபடவே, ‘இந்தப் பிள்ளைக்குத் தமிழ் புரியுமா?’ என்று தாயிடம் கேட்டார். ‘புரியும் ஆன்ட்டி’ என்று பிள்ளையே பதில் சொன்னது. சிரிப்பலை எழுந்தது, அன்பான சிரிப்புதான். இன்னொருவர் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார். அமெரிக்காவில் இனவெறுப்பைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதத் தயங்காத சமூகம், தமிழில் நிறத்தைப் பற்றி என்ன பேசுகிறது என்பதைக் கேட்க அந்த வகுப்பின் வராந்தாவில் அரை மணி நேரம் நின்றால் போதும்.

இந்தப் பாதையில் இவர்கள் முதல்வர்கள் அல்லர். சியாமளா கோபாலனும் டொனால்டு ஹாரிஸும் 1960களின் பிற்பகுதியில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஷாம்பெய்னிலும், பிறகு விஸ்கான்சினின் மேடிசனிலும் வாழ்ந்தார்கள். இளைய மகள் மாயா 1967இல் ஷாம்பெய்னில் பிறந்தவர். மணமுறிவையொட்டிக் கலிபோர்னியாவுக்குத் திரும்பிய தாய், இரு மகள்களையும் பெர்க்லியில், கறுப்பினப் பெண் ஒருவர் நடத்திய குழந்தைகள் காப்பகத்தின் மாடியில் குடிவைத்து வளர்த்தார். மூத்த மகள் பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவரானதால் இந்தச் செய்தி பரவியது. அந்த மாடி வீட்டுக்குப் பின்னே இருந்த கணக்கை, தன் பிள்ளையை உலகம் எப்படிப் பார்க்கும் என்று யோசித்த ஒரு தமிழ்ப் பெண்ணின் கணக்கை, அரசியல் பேசியவர்கள் அதிகம் பேசவில்லை.

இங்கும் கணக்கு அதுதான். ஆன் ஆர்பருக்குக் கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், 23ஆம் எண் நெடுஞ்சாலைக்கு அப்பால், இப்சிலாண்டி இருக்கிறது. நீராவி இயந்திரங்களுக்குத் தானாக எண்ணெயிடும் கருவியை உருவாக்கிய இலைஜா மெக்காய் வாழ்ந்த ஊர். இரண்டாம் உலகப் போரின்போது ஊரை ஒட்டிய வில்லோ ரன் ஆலையில் ஃபோர்டு நிறுவனம் குண்டுவீச்சு விமானங்கள் செய்தபோது, தென் மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் திரளாக வந்தார்கள். இன்று ஊரில் நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர். தந்தை முடி வெட்டிக்கொள்வதும், மகளுக்கு முடி பின்னுவதும் அங்கேதான். முடி பின்னும் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். மகள் அவரை முதல் நாளிலேயே ‘பாட்டி’ என்று அழைத்துவிட்டாள். அந்தச் சொல்லின் பொருளைத் தந்தை விளக்கினார். பெண்மணி அடுத்த முறை தாமாகவே அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தார்.

குளிர்காலம் முடிவதற்குள் வீட்டு உரிமையாளருக்கு அடுத்த ஆண்டைப் பற்றிய பதில் தர வேண்டியிருந்தது. ஆன் ஆர்பரில் இருந்தால் தாய் ஆய்வகத்துக்கு நடந்தே போகலாம். பள்ளிகளின் மதிப்பெண் தரவரிசையும் உயர்வு. இப்சிலாண்டியில் வாடகை குறைவு. 4ஆம் எண் பேருந்தில் தினமும் வாஷ்டெனா சாலை முழுவதையும் கடக்க வேண்டும். தமிழ் பேச அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. பிரிந்து கிடக்கும் இரண்டு ஊர்களுக்கு இடையில் ஒரு குழந்தையின் தோலையும் நாவையும் எடைபோடும் இந்த வேலையை எந்தப் பணி நியமன ஆணையும் குறிப்பிடுவதில்லை. அவர்கள் இப்சிலாண்டிக்குப் போக முடிவு செய்தார்கள். தமிழ் வகுப்பையும் விடவில்லை; இப்போது சனிக்கிழமைகளில் தந்தையும் கூடப் போய் வராந்தாவில் உட்காருகிறார்.

புதிய பள்ளியின் சேர்க்கைப் படிவத்தில், வீட்டில் பேசும் மொழிகள் எவை என்ற கேள்விக்கு ஒரே ஒரு கோடுதான் விடப்பட்டிருந்தது. தாய் ‘தமிழ்’ என்று எழுதிக் கணவரிடம் நீட்டினார். அவர் அதனருகே ‘ஆங்கிலம், இரண்டு வகை’ என்று எழுதினார். அலுவலகத்தில் இருந்தவர் படித்துப் பார்த்து, எதுவும் கேட்காமல் கோப்பில் வைத்துக்கொண்டார்.