அன்னூன் அரசியின் திகைப்பு

வெளியூர் புறப்படுகையில் வீட்டுச் சாவியை அண்டை வீட்டாரிடம் அமானிதமாக ஒப்படைத்துவிட்டு, அலமாரிச் சாவியை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டு செல்பவர் நாம். ஆகவே, வேல்ஸ் நாட்டு மாபினோகியன் தொகுதியின் முதற்கதை நம்மைச் சிரிக்கவும் வைத்தது, நாணவும் வைத்தது. 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியில் நமக்குக் கிட்டிய கதை அது.

அன்னூன் என்பது அம்மக்கள் கற்பனை செய்த மறுவுலகம். நெருப்புக் கிடங்கன்று, விருந்தும் வேட்டையும் நிறைந்த நாடு. அதன் அரசன் அராவ்ன், தன் பகைவனை வீழ்த்தித் தருமாறு வேண்டி, பூவுலக மன்னன் புவிலுடன் ஓராண்டுக்கு உருவையும் இடத்தையும் மாற்றிக்கொண்டான். அரசிக்கோ இது தெரியாது. கணவன் உருவில் வந்த புவில் பகலெல்லாம் அவளிடம் இன்சொல் பேசினான். இரவானால் மறுபுறம் திரும்பிப் படுத்து, விடியும்வரை வாய் திறவான்.

ஆண்டு கழிந்து உண்மைக் கணவன் வந்து அன்பாகப் பேசவும், அரசி திகைத்தாள். ஓராண்டாக இல்லாத கனிவு இன்று எங்கிருந்து வந்தது? அவள் குறை கூறக் கேட்ட பின்னரே நண்பனின் தூய்மை அராவ்னுக்கு விளங்கிற்று. ஊர் திரும்பிய புவிலிடம் அவன் குடிகளோ, இந்த ஆண்டைப் போல் அவன் என்றுமே நன்றாக ஆண்டதில்லை என்றனராம்!

காண்பார் இல்லாத இருளில் காக்கப்படுவதே அமானிதம். அடுத்த பயணத்தில் அலமாரிச் சாவியையும் சேர்த்தே கொடுத்துவிட எண்ணியுள்ளோம்.