பேரரசரின் மூன்றும் இல்லத்தரசியின் மூன்றும்

யப்பானியப் பேரரசரின் அரியணைச் சின்னங்கள் வாள், கண்ணாடி, மணிக்கல் ஆகிய மூன்றுமாகும். 1950களில் அந்நாட்டுப் பத்திரிகைகளும் விளம்பரங்களும் அவற்றுக்குரிய ‘மூன்று புனிதச் செல்வங்கள்’ என்ற பெயரைத் தொலைக்காட்சிக்கும் சலவை இயந்திரத்துக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் சூட்டிவிட்டன. (பெயர் சூட்டுவதில் பத்திரிகைக்காரரை மிஞ்ச ஆளில்லை!)

1945இல் நகரங்கள் சாம்பலாகிக் கிடந்த நாடு, இவற்றை வாங்கும் வசதியை எவ்வாறு பெற்றது? உழைப்பு, கல்வி, சேமிப்பு என்பார்கள், பொய்யன்று. ஆயினும் 1950இல் ஆட்குறைப்பாலும் வேலைநிறுத்தத்தாலும் தள்ளாடிய டொயோட்டாவை நிமிர்த்தியவை, கொரியப் போருக்காக அமெரிக்க இராணுவம் வாங்கிய லொறிகளே. அயல்வீட்டுத் தீயில் குளிர்காய்ந்த செழிப்பு என்றே நான் சொல்வேன். அப்போர் ஓய்ந்து மூன்றாண்டுகளில், 1956இல், இனி இது போருக்குப் பிந்திய காலமன்று என யப்பானிய அரசின் பொருளாதார அறிக்கை கூறியது. கொரியர்களுக்கோ சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை.

இலங்கையரான நாமும் இக்கதைக்கு வெளியே இல்லை. 1942இல் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பானியர் குண்டு வீசினர். 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜே.ஆர். ஜயவர்த்தன நட்டஈடு வேண்டாமென்றார். 1977இல் ஆட்சிக்கு வந்ததும் இறக்குமதிக் கதவுகளைத் திறந்தவரும் அவரே. 1982இல் யப்பானிய உதவியுடன் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதைப் பார்ப்பதற்கு யப்பானியப் பெட்டிகளை விலைகொடுத்து வாங்கினோம்.