240 மணி நேரம்

நாட்டு நலப்பணித் திட்டத்தின் முழக்கம் 'நாட் மீ, பட் யூ'. 'எனக்காக அல்ல, உனக்காக' என்று தமிழில் சொல்லிக் கொடுப்போம். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. முழக்கத்தை யோசித்தவர்கள் மனதில் இருந்தது ஓர் இளைஞன்தான் என்று எனக்குத் தோன்றும். வீட்டில் தட்டைக்கூடக் கழுவாத, தன் படிப்பு தன் வேலை என்று இருக்கிற பையன். அவனுக்கு இந்த மருந்து சரி. விடியுமுன் தண்ணீர் பிடித்து, வாசல் தெளித்து, தம்பிக்குச் சோறு கட்டி, இரண்டு பஸ் மாறி முதல் பீரியடுக்கு ஓடிவருகிற பெண்ணை நிற்கவைத்து 'எனக்காக அல்ல' என்று கைநீட்டிச் சொல்லச் சொன்னால்? பிறந்ததிலிருந்து அவள் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாள்.

ஆறு வருடம் ஒரு பெண்கள் கல்லூரியில் இந்தத் திட்டத்தின் அலுவலராக இருந்தேன். கணக்கு எளிது. ஒரு மாணவி இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமில் தங்க வேண்டும். முடித்தால் சான்றிதழ். அந்த ஏழு நாளுக்குப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவது இருக்கிறதே, அதற்கே தனியாக 240 மணி நேரம் எழுதலாம். "ராத்திரி தங்கணுமா மேடம்?" என்பது அப்பாக்களின் கேள்வி. அம்மாக்களின் கேள்வி வேறு. "ஏழு நாளும் இவ இல்லன்னா வீட்டு வேலய யாரு பாக்குறது?" என்று ஒரு அம்மா போனில் கேட்டார். அவர் கல் சூளைக்கு வேலைக்குப் போகிறவர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஆண்கள் கல்லூரி முகாமென்றால் சமையலுக்கு மாஸ்டர் வைப்பது வழக்கம். எங்களுக்கும் அதே நிதிதான். ஆனாலும் "பொண்ணுங்கதானே, அவங்களே பொங்கிக்க மாட்டாங்களா" என்று ஒவ்வொரு வருடமும் அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு வருடமும் சமையல்காரர் சம்பளத்துக்குத் தனியாகச் சண்டை போட்டு வாங்கினேன். முகாமின் இரண்டாம் நாள் காலையில் ஒரு மாணவி ஏழரை மணி வரை தூங்கினாள். எழுப்பப்போனவர்களை நான் தடுத்துவிட்டேன். யாரோ ஆக்கிய இட்லியை உட்கார்ந்த இடத்தில் வாங்கிச் சாப்பிட்டதுதான் முகாமில் பிடித்தது என்று கடைசி நாள் அறிக்கையில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அறிக்கையை மேலே அனுப்பும்போது அந்த வரிகளை அடிக்கச் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை.

'கிராமத்தைத் தத்தெடுத்தல்' என்று ஒரு சொல் எங்கள் கோப்புகளில் புழங்கும். பழைய சொல்தான், உன்னத் பாரத் அபியான் வந்தபின் ஐந்து ஐந்து கிராமமாக எடுக்கிறார்கள். தத்து கொடுத்தது யார் என்று அந்த ஊரில் எவரையும் கேட்டதில்லை. நாங்கள் போன ஊரில் எங்களை வரவேற்றது ஊராட்சித் தலைவரின் கணவர். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். தலைவர் அம்மா பொன்னாடை வாங்க மட்டும் மேடைக்கு வந்தார், பிறகு பின்வரிசைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அது ஊருக்குள் இருந்தது. காலனி ஓடைக்கு அந்தப் பக்கம். முதல் மூன்று நாள் நிகழ்ச்சி நிரல் முழுவதும் கோயில் வளாகம் சுத்தம் செய்வது, சாலையோரம் கருவேலம் வெட்டுவது, விழிப்புணர்வுப் பேரணி என்று ஓடைக்கு இந்தப் பக்கமே முடிந்துபோனது. கையில் தட்டியோடு கழிப்பறை விழிப்புணர்வு பேசிவிட்டு வந்த பிள்ளைகள், பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். மாதவிலக்கான இருவர் நாப்கினைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, போடுவதற்கு இடமில்லாமல் ஒரு நாள் முழுக்கச் சுமந்தார்கள்.

நான்காம் நாள் கணக்கெடுப்புக்காக ஓடையைத் தாண்டினோம். படிவத்தில் 'குடும்பத் தலைவர் தொழில்', 'மனைவி தொழில்' என்று இரண்டு கட்டங்கள். முதல் பத்து வீட்டிலும் இரண்டாவது கட்டத்தில் 'இல்லை' என்றே எழுதிவந்தார்கள். பதினோராவது வீட்டு அம்மாள் நூறு நாள் வேலை முடித்து, ஆட்டுக்குத் தழை அறுத்துக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தார். 'இல்லை' என்று எழுதுவதை எட்டிப்பார்த்து, "என்ன பாப்பா எழுதுன?" என்றார். படித்துக்காட்டியதும் சிரித்தார். "போன வருசமும் வந்து எழுதுனாங்க. அதுக்கு முந்தியும் எழுதுனாங்க. எழுதிட்டுப் போனா என்னதான் வரும்?"

எங்கள் கூட்டத்தில் இரண்டாமாண்டு வரலாறு படிக்கிற ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். விடுதிப் பிள்ளை. அன்றைக்கு அவள்தான், "உங்களுக்கு என்ன வேணும்கா, அத சொல்லுங்க" என்று படிவத்தை மடித்து வைத்துவிட்டாள். தெருக்குழாயில் காலையில் அரைமணி நேரம்தான் தண்ணீர் வருகிறது, ஊருக்குள் இரண்டு வேளை வருகிறது. தெரு முழுக்க அதையே சொன்னார்கள். "எங்க தெருவுலயும் இப்படித்தான் மேடம்" என்றாள் திரும்பும் வழியில்.

மெக்சிகோவில் சேவை செய்யக் கிளம்பிவந்த அமெரிக்க மாணவர்களைப் பார்த்து, உங்கள் நல்லெண்ணம் எங்களுக்கு வேண்டாம், ஊருக்குப் போங்கள் என்ற பொருளில் இவான் இலிச் 1968இல் பேசினார். சேவைவழிக் கற்றல் பற்றிய பயிற்சி வகுப்புகளில் இன்றும் அதை வாசிக்கக் கொடுக்கிறார்கள். நல்ல பேச்சு. ஆனால் எங்கள் பிள்ளைகளை எந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவது? அவர்கள் கிளம்பி வந்ததே அந்த மாதிரித் தெருவிலிருந்துதான். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்கிற வரைபடம் எங்கள் கல்லூரிக்குப் பொருந்தவே இல்லை.

எனக்கு மாதிரியாகத் தோன்றுவது புதுக்கோட்டை. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாம் ஏறி மிதித்தார்கள். அந்த சைக்கிள் அவர்களுக்கானது, 'உனக்காக' அல்ல. 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மாதம் 1,000 ரூபாய். பெயர் 'தன்னார்வலர்'. பெண்கள் செய்தால் வேலைக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது.

முகாம் பிப்ரவரியில் முடிந்தது. குழாய் விஷயத்தை மனுவாக எழுதலாம் என்றதும் கல்லூரியில், "சேவை செய்யப் போனோமா, அரசியல் பண்ணப் போனோமா?" என்று கேட்டார்கள். மே 1 கிராமசபை. தேர்வு முடிந்து விடுமுறை. அந்தப் பெண்ணும் இன்னும் மூன்று பேரும் சொந்தக் காசில் பஸ் ஏறி வந்தார்கள், நானும் போனேன். கிராமசபையில் உறுப்பினராக இருக்க அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும், எனவே நாங்கள் பின்னால் நின்றோம். பேசியது அந்தப் பதினோராவது வீட்டு அம்மாள். காகிதத்தைப் பார்க்கவே இல்லை. தலைவரின் கணவர் "அப்பறம் பாக்கலாம்மா" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை, தலைவர் அம்மாவே நாற்காலியில் இருந்து, "எழுதுங்க" என்றார் செயலரிடம். தீர்மானம் பதிவானது. அந்தக் கோடைக்குத் தண்ணீர் வரவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது தனிக் குழாய் இழுத்தார்கள், இன்னமும் ஒரு வேளைதான் விடுகிறார்கள்.

ஜூனில் கல்லூரி திறந்ததும் அவள் மணிநேரப் பதிவேட்டை நீட்டினாள். மே 1, நான்கு மணி நேரம் என்று எழுதி, பணியின் பெயரை மட்டும் காலியாக விட்டிருந்தாள். எந்தத் தலைப்பில் வரும் என்று கேட்டாள். அச்சடித்த பட்டியலில் மரம் நடுதல், தூய்மை, ரத்ததானம், எழுத்தறிவு இருந்தன. "நீயே எழுதிக்கோ" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு 'சொந்த வேலை' என்று எழுதினாள். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.