சிங்கையில் கருட தரிசனம்

சிங்கப்பூருக்குச் செல்லும் நம் முதியோரில் பெரும்பாலோர் மக்களையும் பேரக்குழந்தைகளையும் காணவே செல்கின்றனர். அங்குள்ள திருக்கோயில்களைத் தரிசிப்பது அடுத்த காரியம். 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயில், சிராங்கூன் சாலையில் 1855-இல் தோன்றிய, சீனிவாசப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் ஆலயம், நகரத்தார் 1859-இல் எழுப்பிய தெண்டாயுதபாணி சந்நிதி ஆகியவற்றைச் சில நாட்களில் தரிசித்துவிடலாம். அதன்பின், பிள்ளைகள் அலுவலகம் சென்றுவிட்ட நீண்ட பகற்பொழுது எஞ்சி நிற்கும். அப்பொழுதை என் செய்வது என்று திகைக்கும் அன்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வானளாவிய மாடிகள் நிறைந்த அந்நகரில், நம் தெய்வங்களின் வாகனங்களாகப் போற்றப்படும் உயிர்கள் சில கண்ணெதிரே உலவுகின்றன.

பொழுது புலரும் முன்பே குயில் கூவத் தொடங்கிவிடும். ஊரில் கேட்ட அதே குரல்; அதே குயில். உறக்கம் கெடுகிறதென்று அங்குள்ளோர் சிலர் குறைகூறுவதும் உண்டு. குயில் அங்கே பெருகியதற்குக் காக்கையே காரணம் என்பர். அதன் கூட்டில்தானே குயில் முட்டையிடும்? அந்தக் காக்கையோ தீவின் பூர்வ குடியன்று. 1890-களில், மலாயாவின் காப்பித் தோட்டங்களை அழித்த கம்பளிப்புழுக்களைத் தின்பதற்காக, இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் காக்கைகளைக் கொண்டுவந்து விட்டனர். அவற்றின் வழித்தோன்றல்களே பின்னர் தெற்கு நோக்கிப் பரவின. தோட்ட வேலைக்கென்று நம் முன்னோர் கப்பலேறிய அக்காலத்திலேயே காக்கையும் கப்பலேறியது என்றறிந்தபோது, அதன்மீது எனக்கு ஒரு பந்துப் பாசமே தோன்றிவிட்டது.

ஆயினும் இங்கேதான் நம்மவர்க்கு ஒரு தர்மசங்கடம் நேர்கிறது. காக்கைக்கு ஒரு பிடி அன்னம் வைத்த பின்னரே உண்பது என்று அறுபது ஆண்டுகள் பழகிய கை, அங்கே சும்மா இருக்க வேண்டும். காட்டுயிர்களுக்கும் பறவைகளுக்கும் உணவிடுவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. முதன்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். சன்னல் விளிம்பில் அமாவாசைச் சோற்றை வைத்துவிட்டுக் ‘கா, கா’ என்றழைத்தால், அபராதம் கட்டுவது மகனாகத்தான் இருக்கும். “பித்ருக்கள் பசியோடு திரும்புவார்களே!” என்று மனம் கலங்கும் மூதாட்டியரின் வேதனையை எளிதாக எண்ணிவிடலாகாது. அதே சமயம், அந்தச் சட்டம் கருணையற்றதன்று. மனிதர் இடும் உணவால் அளவுக்கு மீறிப் பெருகும் காக்கைகள், கூட்டருகே செல்வோரைக் கொத்துகின்றன. பின்பு அக்கூடுகளையே அகற்ற வேண்டியதாகிறது. நாம் அன்போடு இடும் பிடிச்சோறு அந்தக் காக்கைக்கே தீங்காக முடியுமெனில், அதை இடாதிருப்பதும் ஜீவகாருண்யமே. காக்கைக்குரிய பங்கை ஆலயத்தின் அன்னதானத்தில் சேர்ப்பது பொருந்தும் என்பது என் எண்ணம். புறப்படுமுன் குடும்பப் புரோகிதரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் மனம் அமைதியுறும்.

உணவிடத்தான் தடை; தரிசனத்துக்கு ஏது தடை? வெண்ணிறத் தலையும் மார்பும், செம்மண் நிற உடலும் கொண்ட கருடன் கடற்கரையோரங்களிலும் நீர்நிலைகளின் மேலும் வட்டமிடும். நம்மூரில் கும்பாபிஷேகத்தன்று அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கிறோமே, அதே கருடன்தான். வெயில் ஏறியதும் சிறகை அசைக்காமலே உயர எழும்பும். அடுக்குமாடிகளுக்கு நடுவே அதைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பாட்டியைப் பேரன் வியப்போடு பார்ப்பான். கருடாழ்வார் கதையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

காலாங் ஆற்றின் கரையில் நடந்தால் நீர்நாய்க் குடும்பத்தைக் காணும் பேறு கிட்டலாம். மாசு மண்டிக் கிடந்த அந்த ஆற்றையும் சிங்கப்பூர் ஆற்றையும் 1977 முதல் பத்தாண்டுகள் பாடுபட்டுத் தூய்மை செய்தனர். பீஷான் பூங்காவில், கான்கிரீட் வாய்க்காலாக ஓடிய சுமார் 3 கிலோமீட்டர் நீளத்தைப் பெயர்த்து, புல்லும் கல்லும் நிறைந்த ஓடையாக 2012-இல் மாற்றியமைத்தனர். மறைந்து போயிருந்த நீர்நாய்களும் திரும்பிவிட்டன. தாயும் தந்தையும் குட்டிகளுமாகக் கரையேறி, மீனைக் கடித்துத் தின்று, மணலில் புரண்டு உடலை உலர்த்திக்கொள்ளும். இதே இனம் நம் காவிரியிலும் உண்டு. காவிரிக் கரையிலேயே பிறந்து வளர்ந்தும் அதைக் கண்டிராதவர் நம்மில் எத்தனை பேர்!

இருவாட்சிப் பறவையின் கதை இன்னும் உருக்கமானது. நூறாண்டுகளுக்கும் மேலாகத் தீவில் காணப்படாத அது, 1994-இல் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. பெண் பறவை மரப்பொந்தினுள் புகுந்து, சிறு துளையை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். குஞ்சுகள் வளரும் வரை ஆண் பறவை பழங்களைச் சுமந்து வந்து அத்துளை வழியே ஊட்டும். பெருமரங்களில் பொந்து குறைந்ததால், மரப்பெட்டிகளைக் கூடாக அமைத்தும் கொடுத்தனர். சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் உபினுக்குப் படகு புறப்படும். படகில் ஏறி இறங்குவது முழங்கால் வலியுள்ளோர்க்குச் சற்றுக் கடினம். அவர்கள் சாங்கியிலேயே மரநிழலில் அமர்ந்திருக்கலாம். இருவாட்சி அங்கும் வருவதுண்டு.

தீவின் வடபுறத்தில் உள்ள சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குக் கட்டணம் இல்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரை, சைபீரியா போன்ற தொலைதூரக் குளிர்நாடுகளிலிருந்து கரையோரப் பறவைகள் அங்கே வந்து தங்கும். வழியோரத்தில் ஆளுயர உடும்பு அசையாமல் கிடக்கும். பாலத்தின் மீது நின்றால் கங்கையன்னையின் வாகனமான முதலையின் முதுகு நீரில் தெரியலாம். அதற்கும் அருகே செல்லாமல், எட்ட நின்று வணங்குவதே முறை. காலை ஏழரை மணிக்குள் போய்ச் சேர்ந்தால் வெயில் தாக்காது. தண்ணீரும் குடையும் அவசியம். கிராஞ்சி நிலையத்தில் ரயிலேறினால், மதிய உணவுக்கு வீடு திரும்பி, சற்றே கண்ணயர்ந்து, பெருமாள் கோயில் சாயரட்சைக்குப் போய்ச் சேரலாம். ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கினால் கோபுரம் கண்ணெதிரே தெரியும்.