நாசிக் ஒயின் தோட்டங்களில் மூன்று நாள்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் மூன்று ஏக்கரில் பன்னீர் திராட்சை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார்: ‘விலை இறங்கிவிட்டால் பறிகூலிக்குக்கூட கட்டவில்லை. நாசிக்கில் ஒயின் கம்பெனிகள் முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்டு வாங்குகின்றனவாம். அந்த ரகங்களை இங்கே நடலாமா?’

நாலு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால் பிப்ரவரியில், அறுவடை மும்முரமாக நடக்கும் நேரத்தில், விடுப்பு எடுத்துக்கொண்டு நாசிக் போய் வந்தேன். மது குடிப்பது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. பழத்தை யார் வாங்குகிறார்கள், எந்த நிபந்தனையில் வாங்குகிறார்கள் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

வெங்காய பூமியில் ஒயின்

நாசிக் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வெங்காயம். அடுத்தது, நம் ஊர் தள்ளுவண்டிக்கும் வந்து சேரும் விதையில்லா பச்சை திராட்சை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 அடி உயரம். மேற்கே சஹ்யாத்ரி மலை. திரியம்பகேஸ்வரர் கோயில் பக்கத்து மலையில் பிறக்கும் கோதாவரி, ஊருக்குள்ளேயே ஓடுகிறது. குளிர்காலத்தில் இரவு வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். பகலில் நல்ல வெயில் அடிக்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் பழத்தில் சர்க்கரை சேரவும், புளிப்பு முழுவதும் போய்விடாமல் நிற்கவும் உதவுகிறது.

சாப்பாட்டுத் திராட்சை இங்கே பல காலமாக இருக்கிறது. ஒயின் ரகங்கள் பரவலாக வந்தது 1990-களின் கடைசியில்தான். அமெரிக்காவில் படித்து, அங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த், கங்காப்பூர் அணைக்கு அருகே குடும்ப நிலத்தில் சாவிஞான் பிளாங்க், செனின் பிளாங்க் ரகங்களை நட்டு ‘சூலா’ நிறுவனத்தைத் தொடங்கினார். 2001-ல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. கலால் வரிச் சலுகை கிடைத்தது. லாசல்காவ் வெங்காயச் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள விஞ்சூரில் ஒயின் தொழிற்பூங்கா வந்தது. அதன்பின் ஆலைகள் மளமளவென்று முளைத்தன.

இன்று சனி, ஞாயிறு ஆனால் மும்பையிலிருந்து கார் கார்களாக ஆட்கள் வருகிறார்கள். கட்டணம் கட்டினால் ஆலையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். தோட்டத்தைப் பார்த்தபடி சாப்பிட உணவகம், தங்க அறை எல்லாம் உண்டு. ஒரு விளைபொருளைச் சுற்றி இவ்வளவு வருமானம் உண்டாக்கியிருப்பது பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த வருமானத்தில் பெரும்பகுதி ஆலைக்காரருக்கு. பழம் விளைவிப்பவரின் கணக்கு வேறு.

தோட்டமும் ஆலையும்

விடியும் முன்பே ஒரு தோட்டத்துக்குப் போனேன். நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு பெண்கள் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறினால் பழம் சூடாகி, கூடையிலேயே புளிக்கத் தொடங்கிவிடும் என்பதால் இந்த அவசரம்.

நம் பக்கத்துப் பந்தல் அங்கே இல்லை. வேலி போல நேர்வரிசையாகக் கம்பி கட்டி, கொடியை மேல்நோக்கி ஏற்றியிருக்கிறார்கள். குலைகள் இடுப்பு உயரத்தில் வரிசையாகத் தொங்குகின்றன. காற்றோட்டம் கிடைப்பதால் அடிச்சாம்பல் நோயும் சாம்பல் நோயும் ஓரளவு மட்டுப்படுகின்றன. ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர்-அக்டோபரில் ஒரு கவாத்து. அறுவடை ஆண்டுக்கு ஒன்றே ஒன்று, ஜனவரி முதல் மார்ச் வரை.

பழத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சிறிய மணி, தடித்த தோல், உள்ளே விதை. கடையில் வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் சர்க்கரை அளவு 22 பிரிக்ஸுக்கு மேல். நாம் சாப்பிடும் பழத்துக்கு 16, 18 வந்தாலே போதும். ஆலையின் களப்பணியாளர் இரண்டு நாளுக்கொரு முறை வந்து, சாற்றை ஒரு சிறு கருவியில் விட்டுப் பார்த்து, வெட்டும் நாளைக் குறிக்கிறார். நாள் குறிப்பவர் விவசாயி இல்லை, வாங்குபவர் என்பதைக் கவனியுங்கள்.

பழம் அன்றைக்கே ஆலைக்குப் போகிறது. காம்பு நீக்கி, வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிழிந்து, குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க வேண்டும். நிறம் தோலில்தான் இருக்கிறது. 750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே பழம் பிடிக்கும். மிஞ்சும் சக்கை மட்கி உரமாகத் தோட்டத்துக்கே திரும்பி வருகிறது.

கொடியைப் பிடுங்கியவர்

இரண்டாம் நாள் திண்டோரி பக்கம் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். 2000-களின் நடுவில் நான்கு ஏக்கரில் ஒயின் ரகம் நட்டவர். முதலில் சில அறுவடைகளுக்குப் பணம் ஒழுங்காக வந்தது. 2008-ல் உலகப் பொருளாதாரச் சரிவு. அந்த நவம்பரில் மும்பைத் தாக்குதல். ஹோட்டல்களில் கூட்டம் இல்லை, ஒயின் விற்கவில்லை, ஆலைகளின் தொட்டிகள் காலியாகவில்லை.

“அடுத்த வருஷம் பழம் பழுத்து நிற்கிறது. ஆலைக்காரர் போனை எடுக்கவில்லை. சந்தைக்குக் கொண்டுபோனால் ‘இது என்ன பழம்?’ என்று கேட்கிறார்கள். பாதியைக் கொடியிலேயே விட்டேன். கொடுத்த பழத்துக்கும் பணம் முழுசாக வரவில்லை சாகேப்” என்றார், என்னுடன் வந்த நண்பரின் மொழிபெயர்ப்பில். அதன்பின் எல்லாக் கொடிகளையும் பிடுங்கிவிட்டு, கடன் வாங்கிச் சாப்பாட்டு ரகம் நட்டிருக்கிறார். அவர் மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் பலரும் அப்போது அதைத்தான் செய்தார்கள்.

அவருடைய தம்பி மகன் இன்றைக்கும் இரண்டு ஏக்கரில் ஒயின் ரகம் வைத்திருக்கிறார். அவர் சொன்ன கணக்கு இது: “தாம்சன் ரகம் ஏக்கருக்கு 10 டன் வரும். இது 4 டன், 5 டன்தான். ஆனால் இதற்கு ஜிப்ராலிக் அமிலத்தில் குலை முக்க வேண்டாம், மணி கலைக்க வேண்டாம், அட்டைப்பெட்டி வேண்டாம். ஆள் கூலி பாதி மிச்சம். விலையும் முன்பே தெரியும். மொத்த நிலத்தையும் இதற்கு விட மாட்டேன். பெரியப்பா பட்டதைப் பார்த்தவன் நான்.”

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒப்பந்தம் நிற்கும் வரை ஒயின் ரகம் நிம்மதியான பயிர். ஒப்பந்தம் முறிந்தால் வேறு எந்தச் சந்தைக்கும் போக முடியாத பயிர்.

கம்பத்துக்கு இது சரியா?

கேள்வி அனுப்பிய தம்பிக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். காரணங்கள் மூன்று.

முதலாவது, தூரம். வெட்டிய அன்றே ஆலைக்குப் போக வேண்டிய பழம் இது. நாசிக் நமக்கு 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

இரண்டாவது, பருவம். கம்பத்தில் நாசிக் போன்ற குளிர் இரவுகள் இல்லை. அதற்குப் பதிலாக, ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் காய் இருக்கும் வசதி நமக்கு இருக்கிறது. வருடத்துக்கு ஒரே அறுவடை தரும் ரகத்துக்காக அதை விட வேண்டியதில்லை.

மூன்றாவது, கையில் இருப்பதன் மதிப்பு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதன் வாசனையும் நிறமும் பழச்சாறுக்கும் ஸ்குவாஷுக்கும் பொருத்தமானவை. விலை இறங்கும் மாதத்தில் பத்து, இருபது பேர் சேர்ந்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகச் சாறு பிழிந்து விற்பது, புது ரகம் நடுவதைவிடக் குறைந்த ஆபத்துள்ள வழி. உரிமம் இல்லாமல் ஒயின் தயாரித்து விற்பது குற்றம், அதில் இறங்கிவிடாதீர்கள்.

எந்த ஒப்பந்தப் பயிருக்கும் கேட்க வேண்டியவை

நாளைக்கே ஒரு கம்பெனி உங்கள் ஊருக்கு வரலாம். திராட்சையோ, மூலிகையோ, கெர்கின் வெள்ளரியோ, கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. கம்பெனி வாங்காவிட்டால் இந்த விளைபொருளை உள்ளூர் சந்தையில் விற்க முடியுமா?

2. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? பயிரின் ஆயுள் எத்தனை ஆண்டு? திராட்சைக்கொடி பத்துப் பதினைந்து வருடம் நிற்கும். ஒப்பந்தம் மூன்று வருடம் என்றால் மிச்ச வருடங்களுக்கு யார் பொறுப்பு?

3. தரத்தை அளப்பவர் யார்? அளக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்கலாமா?

4. மழையில் தரம் குறைந்தால் விலை எவ்வளவு குறையும் என்று எழுத்தில் இருக்கிறதா?

5. பணம் எத்தனை நாளில் வரும்? தாமதமானால் வட்டி உண்டா?

6. தாள் தமிழில் இருக்கிறதா? ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கிறதா?

பதில் திருப்தியாக இருந்தாலும், நிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் முதல் முறையே கொடுக்காதீர்கள்.

திராட்சை ரகம், கவாத்து, நோய் பற்றிய சந்தேகங்களுக்குத் தேனி மாவட்டம் ராயப்பன்பட்டி அருகே ஆனைமலையான்பட்டியில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையத்தை நேரில் அணுகலாம். ஒப்பந்தத் தாள் கையில் இருந்து புரியவில்லை என்றால், உங்கள் பெயர், கம்பெனி பெயரை மறைத்துவிட்டு ஒரு நகலை கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு வரியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.