ஒற்றைக் கல்லும் எடுக்கக் கூடாத தீவு

லான்சரோட்டே தீவின் திமான்ஃபாயா தேசியப் பூங்காவில், போன வாரம், ஒரு கல்லுக்காகச் சுற்றுலாப் பேருந்து தாமதமாகக் கிளம்பியது.

சவுத்தாம்ப்டனிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் அன்று காலை அரெசிஃபே துறைமுகத்தில் நின்றது. லண்டனில் மகள் வீட்டுக்கு வந்திருந்த மேலூர்க்கார அம்மா ஒருவர், வண்டி ஏறுமுன் உள்ளங்கைக்குள் அடங்கும் கருங்கல் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். ஊரில் இருக்கும் பேரனுக்குக் காட்டத்தான். வழிகாட்டிப் பெண் பார்த்துவிட்டார். குரலை உயர்த்தாமல், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்.

“ஏந் தாயி, ஒத்தக் கல்லுக்கா இம்புட்டு?” என்று மகளிடம் கேட்டார் அம்மா. ஆனாலும் இறங்கிப் போய் வைத்துவிட்டு வந்தார்.

ஒற்றைக் கல்லுக்குத்தான் இத்தனையும். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்று இது. இங்கே கல்லோ மண்ணோ எடுத்தால் அபராதம். விமான நிலையச் சோதனையில் பெட்டிக்குள் கல் அகப்பட்டாலும் பறிமுதல் செய்துவிடுவார்கள். பூங்காவுக்குள் கட்டுப்பாடு இன்னும் கடுமை. சொந்தக் காரில் வருகிறவர்கள் இஸ்லோட்டே தே இலாரியோ என்ற மேட்டில் காரை விட்டுவிட்டுப் பூங்காவின் பேருந்தில் ஏற வேண்டும். எரிமலைகளுக்கு நடுவே 14 கிலோமீட்டர் பாதை. காட்சி நன்றாகத் தெரியும் இடங்களில் வண்டி நிற்கும். கதவு மட்டும் திறக்காது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். நடந்தே தீர வேண்டும் என்பவர்கள் குறித்த தடத்தில் மட்டும் போகலாம்.

பணம் கட்டிவிட்டு மண்ணை மிதிக்கக்கூட முடியவில்லையே என்று பேருந்தில் பலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இல்லை. 1730 செப்டம்பர் 1 இரவு இந்த மண் பிளந்து தீ கக்கத் தொடங்கியது. யாய்சா ஊரின் பாதிரியார் ஆந்த்ரேஸ் லொரென்சோ குர்பேலோ அதை எழுதிவைத்தார். 1736 வரை ஓயவில்லை. தீவின் கால் பங்கு எரிகுழம்புக்கு அடியில் போனது, ஊர்கள் புதைந்தன. 1824இல் மறுபடி வெடித்தது. மழை அரிதான ஊர் என்பதால் அன்று உறைந்த பாறை இன்றும் மொட்டையாகவே கிடக்கிறது. அதில் முதலில் குடியேறியிருப்பது கல்பாசி. நம் அடுக்களையில் மசாலாவுக்குப் போடுகிற கல்பாசியின் இனம். அது வளர்கிற வேகத்துக்கு, ஒரு கால்தடம் அழியப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் 1974இல் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்துக் காவல் போட்டார்கள்.

சூடு இன்னும் அடங்கவில்லை. ஊழியர் ஒருவர் தரையில் புதைத்த குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். இரண்டு மூச்சு விடும் நேரம். பிறகு காது அதிர, ஆள் உயரத்தைத் தாண்டி வெள்ளை ஆவி பீறிட்டது. பக்கத்துக் குழியில் தள்ளிய காய்ந்த முட்செடி தானாகவே தீப்பற்றியது. செசார் மான்ரீக்கே என்ற இத்தீவின் ஓவியர் வடிவமைத்த உணவகத்தில் இந்தச் சூட்டிலேயே கோழி வாட்டுகிறார்கள்.

கல்லைத் திருப்பி வைத்த அம்மாவின் ஊர்க்காரர்களுக்கு யாரும் மலையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுபட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். மேலூரை ஒட்டிய அரிட்டாபட்டியை 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த பிறகும், டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர் வட்டாரமே மதுரைக்குத் திரண்டு நடந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. லான்சரோட்டேயில் அரசே காவல் நிற்கிறது. மேலூரில் அந்த வேலையை மக்கள் வெயிலில் நின்று செய்ய வேண்டியிருந்தது.

பிற்பகலில் லா ஹேரியா திராட்சை வயல்கள். அந்த அம்மா முழுதாக மலர்ந்தது இங்கேதான். கண்ணுக்கு எட்டிய தூரம் கரிய எரிமலைச் சரளை. அதில் கோழி பறித்து அமர்ந்த பள்ளங்கள்போல ஆயிரக்கணக்கான குழிகள். சாம்பலுக்கு அடியில் கிடக்கும் பழைய மண்ணை வேர் தொடுமளவு ஆழமாகத் தோண்டி, குழிக்கு ஓரிரு திராட்சைக் கொடி நட்டிருக்கிறார்கள். காற்று வரும் பக்கம் அரைவட்டமாகக் கல்லடுக்கு, சாந்து கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிமீட்டர்தான் மழை. மதுரைப் பக்கம் பெய்வதில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. இரவின் ஈரத்தைச் சரளை வாங்கி அடிமண்ணுக்குக் கொடுக்கிறது. பகலில் அந்த ஈரம் ஆவியாகாமல் போர்வையாகவும் கிடக்கிறது. வயலைப் புதைத்த சாம்பலைக் கொண்டே விவசாயம் செய்யக் கற்றுக்கொண்டார்கள் இவர்கள். குழிக்குள் இயந்திரம் இறங்காது. தோண்டுவதும் கைதான், பறிப்பதும் கைதான்.

அம்மா குழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர், கொடிக்கு எத்தனை கிலோ காய்க்கும், கூலி ஆள் கிடைக்கிறதா என்று மகள் மூலம் கேட்டுக்கொண்டே இருந்தார். வழிகாட்டி சலிக்காமல் சொன்னார். அதற்குள் மற்றவர்களை ஒயின் சுவைக்கும் கூடத்துக்கு அழைத்துவிட்டார்கள். கப்பல் ஏற்பாடு செய்த இந்தப் பயணத்தில் கூடத்துக்குத் தந்த நேரத்தில் பாதிகூட வயலுக்குத் தரவில்லை. இத்தீவில் இறங்கப்போகும் தமிழர்கள், நாலைந்து பேர் சேர்ந்து துறைமுகத்திலேயே டாக்சி பேசிக்கொண்டு, காலை வெயில் ஏறுமுன் நேராக லா ஹேரியாவுக்குப் போய்விடுவது நல்லது. பூங்காவைப் பிறகு பார்க்கலாம். தனியாகப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்பே திரும்பிவிடுங்கள்.